‘லிட்டில் பீவர்ஸ்’: பசிபிக் போரில் அமெரிக்காவின் 23-ஆம் நாசகாரி அணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசிபிக் போர் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது பேர்ல் ஹார்பர், மிட்வே, ஹிரோஷிமா என்ற மூன்று பெயர்கள்தான். இவற்றுக்கு இடையே, 1942 ஆகஸ்ட் முதல் 1944-இன் தொடக்கம் வரை சாலமன் தீவுகளைச் சுற்றிப் பெரும்பாலும் இருட்டிலேயே நடந்த கடற்சமர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. அவற்றில் பெயர்பெற்ற 23-ஆம் நாசகாரி அணியைப் பற்றி நான் பேச நேர்ந்தபோதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என் முன் வைக்கப்பட்டன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்து, விடைகளையும் சேர்த்திருக்கிறேன்.

நாசகாரி என்றால் கடற்படையிலேயே மிகப் பெரிய கப்பல்தானே?

இல்லை. பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தவறு நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீருக்கடியில் ஓடிச் சென்று வெடிக்கும் டார்பிடோக்களை வீசும் சிறிய படகுகள் பெரிய போர்க்கப்பல்களுக்கு அச்சுறுத்தலாக எழுந்தபோது, அந்தப் படகுகளை விரட்டி அழிப்பதற்காகக் கட்டப்பட்ட வேகமான கப்பலுக்கு ‘டார்பிடோப் படகு நாசகாரி’ என்று பெயரிட்டார்கள். காலப்போக்கில் முதல் பகுதி உதிர்ந்து ‘நாசகாரி’ மட்டும் எஞ்சியது. கவசம் பூண்ட பெரும் போர்க்கப்பல், அதற்கடுத்த குரூசர், அதற்கும் அடுத்ததாக நாசகாரி என்பதே அன்றைய வரிசை.

23-ஆம் அணியின் கப்பல்கள் எல்லாம் ஃபிளெட்சர் வகையைச் சேர்ந்தவை. அந்த வகையில் அமெரிக்கா 175 கப்பல்களைக் கட்டியது. ஏறத்தாழ 115 மீட்டர் நீளம், 2,050 டன் எடை, 127 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஐந்து, டார்பிடோக் குழாய்கள் பத்து, 35 ‘நாட்’டுக்கும் மேற்பட்ட வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்), முந்நூற்றைச் சுற்றிய எண்ணிக்கையில் மாலுமிகள். கவசம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. எஃகுத் தகடு அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் மாலுமிகளே தங்கள் கப்பலைத் ‘தகர டப்பா’ என்று அழைத்தார்கள்.

ஓர் அணியில் எத்தனை கப்பல்கள் இருக்கும்? இந்த அணியில் எவையெவை இருந்தன?

நான்கு கப்பல்கள் கொண்டது ஒரு பிரிவு. இரண்டு பிரிவுகள் சேர்ந்தது ஓர் அணி. 1943-இன் இறுதியில் இந்த அணியின் 45-ஆம் பிரிவில் சார்லஸ் ஆஸ்பர்ன், டைசன், கிளாக்ஸ்டன், ஸ்டான்லி ஆகியவையும், 46-ஆம் பிரிவில் ஸ்பென்ஸ், தாட்சர், கன்வர்ஸ், ஃபுட் ஆகியவையும் இருந்தன. அணித் தலைவர் கேப்டன் ஆர்லி பர்க் சார்லஸ் ஆஸ்பர்னில் இருந்துகொண்டு 45-ஆம் பிரிவை நேரடியாக நடத்தினார். 46-ஆம் பிரிவைக் கமாண்டர் பெர்னார்ட் ஆஸ்டின் நடத்தினார்.

ஆலிக் என்ற கப்பலின் பெயரையும் சில பட்டியல்களில் காணலாம். அதுவும் இந்த அணிக்கு உரியதே. ஆனால் 1943 மார்ச்சில் நியூ கலிடோனியாவுக்கு அருகே பவளப்பாறையில் ஏறிச் சேதமடைந்துவிட்டதால், கீழே சொல்லப்படும் சமர்களில் அது இல்லை.

அமெரிக்கக் கப்பல்களுக்கு அந்தத் தீவுகளில் என்ன வேலை?

எல்லாவற்றுக்கும் மையம் ரபவுல். நியூ பிரிட்டன் தீவின் அந்தத் துறைமுகத்தை 1942 ஜனவரியில் கைப்பற்றிய ஜப்பான், அதைத் தென் பசிபிக்கில் தன் மிகப் பெரிய தளமாக மாற்றியது. அங்கிருந்து தென்கிழக்காக நீளும் சாலமன் தீவுத் தொடரின் மறுமுனையில் இருக்கிறது குவாடல்கனால். அமெரிக்கப் படைகள் குவாடல்கனாலில் தொடங்கி, தீவு தீவாக வடமேற்கே நகர்ந்து, 1943 நவம்பர் 1 அன்று போகன்வில் தீவின் மேற்குக் கரையில் தொரோக்கினா முனையில் ஏறத்தாழ 14,000 பேரை இறக்கின. அங்கே விமானத்தளம் அமைத்துவிட்டால் ரபவுல் போர் விமானங்களின் எட்டும் தொலைவுக்குள் வந்துவிடும் என்பதே கணக்கு.

நாசகாரிகளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கரையிறங்கிய படையை ஜப்பானியக் கப்பல்கள் நெருங்காமல் காப்பது ஒன்று. ரபவுலிலிருந்து இரவோடு இரவாக வேகக் கப்பல்களில் வந்து சேரும் ஜப்பானியப் படைகளையும் பொருள்களையும் வழியிலேயே மறிப்பது மற்றொன்று. அணி தங்கிய இடம் துலாகிக்கு அருகே புளோரிடா தீவிலுள்ள பர்விஸ் விரிகுடா. அங்கிருந்து புறப்பட்டு, தீவு வரிசைகளுக்கு நடுவே ‘ஸ்லாட்’ என்று மாலுமிகள் அழைத்த நீண்ட கால்வாய் வழியாக வடக்கே போய், விடிவதற்குள் பகை விமானங்கள் எட்டாத தொலைவுக்குத் திரும்பிவிட வேண்டும். வாரத்தில் பல இரவுகள் இப்படித்தான் கழிந்தன.

‘லிட்டில் பீவர்ஸ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அக்காலத்தில் அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த ‘ரெட் ரைடர்’ என்ற சித்திரக்கதையில், கதாநாயகனுக்குத் துணையாக வரும் பூர்வகுடிச் சிறுவனின் பெயர் லிட்டில் பீவர். கிளாக்ஸ்டன் கப்பலின் டார்பிடோ மாலுமி ஒருவர் தம் டார்பிடோக் குழாயின் மேல் அந்தச் சிறுவனின் படத்தை வரைந்து வைத்திருந்தார். அதைக் கண்ட பர்க்குக்குப் படம் பிடித்துப்போயிற்று. அதையே அணி முழுவதற்கும் சின்னமாக்கினார்.

மேலிடத்திலிருந்து இறங்கி வந்த சின்னமாக இல்லாமல், ஒரு மாலுமியின் கைவண்ணமாக இருந்ததால்தான் அது அவ்வளவு விரைவாக எட்டுக் கப்பல்களிலும் ஒட்டிக்கொண்டது என்று நான் எண்ணுகிறேன். பர்க் பொறுப்பேற்றது 1943 அக்டோபர் 23 அன்று. முதல் பெரிய சமருக்கு முன் அவருக்குக் கிடைத்தவை பத்து நாள்கள்கூட இல்லை. அந்த நிலையில் எட்டுக் கப்பல்களையும் ஒன்றாக உணர வைத்த எதுவும் சிறிய விஷயம் ஆகாது.

சண்டைகள் எல்லாம் ஏன் இரவிலேயே நடந்தன?

பகலில் வானம் பெரும்பாலும் அமெரிக்க விமானங்களின் கையில் இருந்தது. ஆகவே ஜப்பானியக் கப்பல்கள் இருட்டில்தான் நடமாட முடிந்தது. இரவுப் போருக்காகவே அவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்திருந்தார்கள். உயர்ந்த தொலைநோக்கிகளும் அவற்றுக்குப் பழகிய கண்களும் அவர்களிடம் இருந்தன. அவற்றையெல்லாம்விடக் கொடியது, பிற்காலத்தில் ‘நீள் ஈட்டி’ என்று பெயர்பெற்ற 93-ஆம் வகை டார்பிடோ. 61 சென்டிமீட்டர் விட்டமும், ஏறத்தாழ 490 கிலோ வெடிமருந்தும் கொண்ட அது, தூய ஆக்சிஜனில் இயங்கியதால் 48 நாட் வேகத்தில் 20 கிலோமீட்டர் ஓடியது. அமெரிக்க நாசகாரிகளின் டார்பிடோ 45 நாட் வேகத்தில் ஐந்தரைக் கிலோமீட்டர்தான் ஓடும். போரின் தொடக்கத்தில் அதிலும் பல, குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடியோ வெடிக்காமலோ வீணாயின.

அமெரிக்கர்களிடம் இருந்த மேலான கருவி ரேடார். ஆனால் கருவி கையில் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தத் தெரிவது வேறு. 1942 நவம்பர் 30 அன்று தஸ்ஸஃபரோங்கா முனையருகே நடந்த சமரில், முன்னால் சென்ற நாசகாரி ரேடாரில் பகைவரைக் கண்டு டார்பிடோ வீச அனுமதி கேட்டது. அட்மிரலின் அனுமதி வருவதற்குச் சுமார் நான்கு நிமிடங்கள் ஆயின. அதற்குள் இலக்கு கடந்து போய்விட்டது. அன்றிரவு நார்தாம்ப்டன் என்ற குரூசர் மூழ்கியது. வேறு மூன்று குரூசர்கள் பெருஞ்சேதம் அடைந்தன.

பர்க் புதிதாக என்னதான் செய்தார்?

மேலே சொன்ன அந்த நான்கு நிமிடங்களுக்கு விடை கண்டார் என்பதுதான் என் பதில். பகைவரைக் கண்டதும் நாசகாரிகள் தளபதியின் ஆணைக்காகக் காத்திராமல் தாமாகவே தாக்க வேண்டும் என்று அவர் எழுத்தில் வைத்தார்; மேலதிகாரிகளையும் அதற்கு இணங்க வைத்தார். அதுவரை நாசகாரிகள் குரூசர்களின் முன்னும் பின்னும் காவலாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. நல்ல அதிகாரிக்கும் மோசமான அதிகாரிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறையப் பத்து நொடிகள் என்று அவர் சொன்னதாக வழங்கும் கூற்றும் இதே எண்ணத்தைத்தான் சொல்கிறது.

அவருடைய தாக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு பிரிவுகளும் சற்று விலகி இணையாகச் செல்லும். ஒரு பிரிவு இருட்டில் ஓசையின்றி நெருங்கி, பீரங்கி சுடாமல், டார்பிடோக்களை மட்டும் விட்டுவிட்டு உடனே விலகித் திரும்பும். டார்பிடோக்கள் வெடிக்கும் நேரத்தில் மற்றப் பிரிவு வேறொரு திசையிலிருந்து பீரங்கியால் தாக்கும். பகைவர் அந்தப் பக்கம் திரும்பினால் முதல் பிரிவு மீண்டும் வரும். பீரங்கி சுட்டால் அதன் தீப்பிழம்பு நாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டார்பிடோவுக்கு அந்தக் குறை இல்லை. முறையின் உயிர்நாடி அதுதான்.

இந்த முறை முதலில் வென்றபோது பர்க் அங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1943 ஆகஸ்ட் 6 இரவில் வெல்லா வளைகுடாவில் கமாண்டர் ஃபிரெடரிக் மூஸ்பர்கர் ஆறு நாசகாரிகளோடு இதைச் செயல்படுத்தி, ஹகிகாசே, அராஷி, கவாகாசே என்ற மூன்று ஜப்பானிய நாசகாரிகளை மூழ்கடித்தார். புகழைப் பங்கிடும்போது மூஸ்பர்கரின் பெயர் விடுபட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

எம்ப்ரஸ் அகஸ்டா விரிகுடாச் சமரை வென்றது பர்க்தானே?

அந்தச் சமரின் தளபதி ரியர் அட்மிரல் ஆரன் மெரில். வெற்றி முதலில் அவருடையது. தொரோக்கினா முனை இருப்பது இந்த விரிகுடாவின் கரையில்தான். அங்கே படை இறங்கிய அதே நாளின் இரவில், இரண்டு கனரகக் குரூசர்கள், இரண்டு இலகுரகக் குரூசர்கள், ஆறு நாசகாரிகளோடு ஜப்பானிய அட்மிரல் ஓமோரி ரபவுலிலிருந்து வந்தார். மெரிலிடம் மான்ட்பெலியர், கிளீவ்லாந்து, கொலம்பியா, டென்வர் என்ற நான்கு இலகுரகக் குரூசர்களும் 23-ஆம் அணியின் எட்டு நாசகாரிகளும் இருந்தன. குரூசர்களை ஜப்பானிய டார்பிடோக்கள் எளிதில் எட்டாத தொலைவில் முன்னும் பின்னுமாக வளைந்தோட விட்டு, நாசகாரிகளை இரு முனைகளிலிருந்தும் அவிழ்த்துவிடுவது அவருடைய திட்டம்.

நவம்பர் 2 அதிகாலை 2.46 மணிக்குப் பர்க்கின் பிரிவு 25 டார்பிடோக்களை வீசியது. ஒன்றுகூடப் படவில்லை, ஜப்பானியர்கள் அதற்குள் திசை திரும்பிவிட்டார்கள். சிதறிய நான்கு கப்பல்களையும் ஒன்றுசேர்க்கப் பர்க்குக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுபுறம் ஆஸ்டினின் பிரிவில், வரிசையில் தன் இடத்தை இழந்த ஃபுட்டின் பின்பகுதியை ஒரு டார்பிடோ சிதைத்தது. ஸ்பென்ஸும் தாட்சரும் 30 நாட் வேகத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சென்றன. ஸ்பென்ஸின் நீர்மட்டத்தில் குண்டு பாய்ந்து, கடல்நீர் எரிபொருளில் கலந்தது. ஜப்பானியர்களின் குழப்பமோ இதைவிடப் பெரிது: சமிதாரேவும் ஷிரட்சுயுவும் மோதிக்கொண்டன, ஹட்சுகாசே தன் அணியின் கனரகக் குரூசரான மியோகோவின் குறுக்கே வந்து முன்பகுதியை இழந்தது.

மெரிலின் குரூசர்கள் ஓமோரியின் இலகுரகக் குரூசர் செண்டாயை நொறுக்கின. பர்க்கின் பிரிவு பின்னர் அதன் மீதும் சுட்டது. விடியும் வேளையில் ஊனமுற்றுக் கிடந்த ஹட்சுகாசேவை மூழ்கடித்தது. ஓமோரி திரும்பிப் போனார். கரையிறங்கிய படை தப்பியது. கிளாக்ஸ்டன் ஃபுட்டைக் கயிறு கட்டி இழுக்கத் தொடங்கியபோது ரபவுலிலிருந்து ஏறத்தாழ நூறு விமானங்கள் வந்தன. அவற்றையும் சமாளித்து ஃபுட்டைத் துறைமுகம் சேர்த்தார்கள். பர்க்கின் மனிதர்கள் அதற்கு முந்தைய இரவிலும் தூங்கியிருக்கவில்லை. போகன்வில்லுக்கு வடக்கே உள்ள புகாவையும் தெற்கே உள்ள ஷார்ட்லண்ட் தீவுகளையும் குண்டுவீசித் தாக்கிவிட்டு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, நேராக இந்தச் சமருக்கு வந்தவர்கள் அவர்கள்.

அந்தச் சமரில் பர்க் தன் அணிக் கப்பலையே சுட்டாராமே, உண்மையா?

உண்மை. ரேடார் திரையில் எல்லாக் கப்பல்களும் ஒளிப்புள்ளிகளே. விலகிப்போன ஸ்பென்ஸைப் பகைக் கப்பல் என்று எண்ணிப் பர்க்கின் பிரிவு சுட்டது. தங்களைச் சுற்றிக் குண்டுகள் விழுவதைக் கண்ட ஆஸ்டின், நீங்கள் சுடுவது எங்களை அல்ல என்று நம்புகிறேன் என வானொலியில் சொன்னார். அதற்குப் பர்க், அடுத்த நான்கு சரமாரிகளுக்காக மன்னியுங்கள், அவை ஏற்கெனவே புறப்பட்டுவிட்டன என்று விடையளித்தார். நல்லவேளையாக எதுவும் படவில்லை. பலரும் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்பென்ஸின் மேல்தளத்தில் நின்றவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

‘31 நாட் பர்க்’ என்கிறார்களே, 31 நாட் அப்படிப் பெரிய வேகமா?

இல்லை, இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 31 நாட் என்பது மணிக்குச் சுமார் 57 கிலோமீட்டர். முதல் கேள்வியின் விடையில் சொன்னபடி, ஃபிளெட்சர் வகைக் கப்பல்கள் அதைவிட வேகமாக ஓடக்கூடியவை. ஆனால் 1943 நவம்பரின் பிற்பகுதியில் ஸ்பென்ஸின் நான்கு கொதிகலன்களில் ஒன்று பழுதாகியிருந்தது. அணி ஒன்றாகச் செல்ல வேண்டுமானால் எல்லோரும் ஸ்பென்ஸின் வேகத்துக்கு இறங்க வேண்டும்; ஆகவே பர்க் தன் வேகத்தை 30 நாட் என்றே மேலிடத்துக்குத் தெரிவித்துவந்தார்.

நவம்பர் 24 அன்று, ரபவுலுக்கும் புகாவுக்கும் இடையே ஜப்பானியர்கள் ஆள்களை ஏற்றி இறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஸ்பென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பிவிடுவதே முறை. அதன் தலைவர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் தங்களை விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; எஞ்சிய மூன்று கொதிகலன்களின் நீராவியை இரண்டு எஞ்சின்களுக்கும் பகிரும்படி குழாய்களை இணைத்து ஓட்டினால் 31 நாட் எட்டும் என்று தெரிந்தது. பர்க் இசைந்தார், 31 நாட் வேகத்தில் போவதாகச் செய்தி அனுப்பினார். பர்க்கின் பழைய நண்பர் ஒருவர், தென் பசிபிக் படைகளின் தளபதி அட்மிரல் ஹால்சியின் அலுவலர் குழுவில் இருந்தார். அந்தக் கூடுதல் ஒரு நாட்டைக் கவனித்த அவர், விடைச் செய்தியைச் செல்லமான கேலியோடு ‘31 நாட் பர்க்’ என்று தொடங்கினார். புகா–ரபவுல் வழியின் குறுக்கே போய் நில்லுங்கள், பகைவரைக் கண்டால் என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும் என்பது அச்செய்தியின் சாரம். செய்தித்தாள்கள் பின்னர் அதை வேகத்தின் புகழ்ச்சியாக்கிவிட்டன.

செயின்ட் ஜார்ஜ் முனைச் சமரில் என்ன நடந்தது?

‘31 நாட்’ செய்தி அனுப்பிய அதே இரவில் நடந்த சமர் இது; நியூ அயர்லாந்து தீவின் தென்முனையே செயின்ட் ஜார்ஜ் முனை. அன்றிரவு பர்க்குடன் இருந்தவை ஐந்து கப்பல்கள்: சார்லஸ் ஆஸ்பர்ன், கிளாக்ஸ்டன், டைசன், கன்வர்ஸ், ஸ்பென்ஸ். எதிரே கேப்டன் ககாவாவின் கீழ் ஐந்து ஜப்பானிய நாசகாரிகள். ஓனாமியும் மகினாமியும் காவல். அமாகிரி, யூகிரி, உசுகி ஆகிய மூன்றும் புகாவில் ஏறத்தாழ 900 வீரர்களை இறக்கிவிட்டு, அங்கிருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. நவம்பர் 25 அதிகாலை 1.41 மணிக்கு டைசனின் ரேடார் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அவர்களைக் கண்டது. ஜப்பானியர்கள் அமெரிக்கர்களைக் காணவே இல்லை.

பர்க் தன் பிரிவின் மூன்று கப்பல்களோடு இருட்டில் நெருங்கினார். 1.56 மணியளவில், ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கப்பலுக்கு ஐந்தாகப் பதினைந்து டார்பிடோக்கள் நீரில் இறங்கின. உடனே மூன்று கப்பல்களும் வலப்பக்கம் திரும்பி விலகின. டார்பிடோ இலக்கை அடைவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் யாரும் சுடவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு ஓனாமி தீப்பந்தாக வெடித்துச் சில நொடிகளில் மறைந்தது; ககாவாவும் அதனோடு போனார். மகினாமி இரண்டாகப் பிளந்தது. ஆஸ்டினின் கன்வர்ஸும் ஸ்பென்ஸும் அதைப் பீரங்கியால் முடித்தன. பர்க் ரபவுலை நோக்கி ஓடிய மற்ற மூன்றையும் துரத்தி, மூன்றரை மணியளவில் யூகிரியை மூழ்கடித்தார்.

ஜப்பானியத் தரப்பில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்கத் தரப்பில் ஒருவருக்கும் காயம்கூட இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் இதே பிரிவு இருபத்தைந்து டார்பிடோக்களை வீணாக்கியதை நினைத்துப் பாருங்கள். முறை அதேதான். ஆனால் இம்முறை காத்துக் காவல் செய்ய வேண்டிய குரூசர்கள் இல்லை. பகைவர் எச்சரிக்கை அடையவும் இல்லை.

பர்க் உள்ளுணர்வால் டார்பிடோவிலிருந்து தப்பினார் என்பது கட்டுக்கதையா?

நிகழ்ச்சி உண்மை, அதற்கான பெயரைத்தான் அவரவர் விருப்பப்படி வைக்கிறார்கள். துரத்தலின்போது 2.15 மணியளவில், வெளிப்படையான காரணம் எதுவும் இன்றிப் பர்க் 15 பாகை வலப்பக்கம் திரும்பச் சொன்னார். சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பழைய திசைக்கே வந்தார். சற்று நேரத்தில் கப்பல்களுக்குப் பின்னால், அவை விட்டுச்சென்ற நீர்த்தடத்தில், மூன்று பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. கப்பல்கள் குலுங்கிய குலுக்கலில் ஏதோ மோதிவிட்டது என்றே உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். யூகிரி தப்பியோடியபடியே வீசிய டார்பிடோக்கள் அவை.

நேர்கோட்டில் ஓடித் துரத்துபவனை நோக்கி, முன்னே ஓடுபவன் டார்பிடோ வீசுவான் என்பது ஒன்றரை ஆண்டுகளில் பலர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். ‘நீள் ஈட்டி’ வரும் நேரத்தைப் பர்க்கின் மனம் தன்னையறியாமல் கணக்கிட்டது என்று நம்புவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் திரும்பிய அந்த ஒரு நிமிடம் அமைந்தது நற்பேறுதான்.

அப்படியென்றால் ஏன் மற்ற இரண்டு கப்பல்களையும் விட்டுவிட்டார்?

அதிகாலை நான்கு மணியளவில் எரிபொருளும் குண்டுகளும் குறைந்திருந்தன. ரபவுலின் விமானத்தளங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. விடிந்தால் ஐந்து கப்பல்களும் திறந்த கடலில் சிக்கும். பர்க் திரும்பினார். அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரி பின்னர் இச்சமரைக் கிட்டத்தட்டக் குறையற்ற நடவடிக்கை என்று மதிப்பிட்டது. ‘கிட்டத்தட்ட’ என்ற அந்தச் சொல்லுக்குள் தப்பிய இரண்டு கப்பல்கள் இருக்கின்றன. அவற்றுள் அமாகிரி, அதே ஆண்டு ஆகஸ்டில் பிற்கால அதிபர் ஜான் கென்னடி தலைமையேற்றிருந்த பிடி-109 என்ற டார்பிடோப் படகை மோதிப் பிளந்த கப்பல்.

இந்த அணி ஒன்பது நாசகாரிகளை மூழ்கடித்தது என்று படித்தேன். சரியா?

அது போர்க்காலத்தில் அணியின் கணக்கில் வைக்கப்பட்ட எண்ணிக்கை. 1943 நவம்பர் முதல் 1944 பிப்ரவரி வரை 22 மோதல்களில் ஒரு குரூசர், ஒன்பது நாசகாரிகள், ஒரு நீர்மூழ்கி, சில சிறு கப்பல்கள், ஏறத்தாழ 30 விமானங்கள் என்பது அந்தக் கணக்கு. இந்தப் பணிக்காக அதிபரின் படைப்பிரிவுப் பாராட்டு அணி முழுவதற்கும் வழங்கப்பட்டது. அந்தப் போரில் அதைப் பெற்ற ஒரே நாசகாரி அணி இதுதான்.

பெயர் சொல்லி எண்ண வேண்டுமானால், இரண்டு பெரிய சமர்களிலும் மூழ்கிய ஜப்பானிய நாசகாரிகள் நான்கு: ஹட்சுகாசே, ஓனாமி, மகினாமி, யூகிரி. செண்டாய் குரூசர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வெற்றி. இருட்டில் ஒரே இலக்கைப் பல கப்பல்கள் சுட்டு, ஒவ்வொன்றும் தன் கணக்கில் எழுதிக்கொள்வது எல்லாக் கடற்படைகளிலும் நடந்தது. பொய் சொன்னார்கள் என்று பொருளில்லை. போர்க்கால எண்ணிக்கையைப் போர்க்கால எண்ணிக்கை என்று குறிப்பிட்டே எழுத வேண்டும்.

இந்தக் கதைக்கும் நம் பக்கத்துக் கடலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. எம்ப்ரஸ் அகஸ்டா விரிகுடாவில் ஓமோரியிடம் இருந்த கனரகக் குரூசர்கள் மியோகோவும் ஹகுரோவும். அன்று தப்பிய ஹகுரோவை, 1945 மே 16 அதிகாலையில் மலாக்கா நீரிணையில் பினாங்குக்கு அருகே ஐந்து பிரித்தானிய நாசகாரிகள் சூழ்ந்து டார்பிடோவால் மூழ்கடித்தன. அந்த ஐந்தும் புறப்பட்ட துறைமுகம் திருகோணமலை.

போருக்குப் பின் பர்க் ஜப்பானியர்களை வெறுத்தாரா?

போர்க்காலத்தில் வெறுத்தார், அது ஒளிவுமறைவற்றது. 1944 மார்ச்சில் அணியை விட்டுச் சென்று, விமானந்தாங்கிப் படையின் தளபதி மிட்சரின் தலைமை அலுவலரானார். 1950-இல் பணிநிமித்தம் டோக்கியோ சென்றபோது, முன்பு ரபவுலில் ஜப்பானியக் கடற்படைத் தளபதியாக இருந்த குசாகா ஜினிச்சி வறுமையில் வாடுவதை அறிந்து உணவுப் பொருள்களை அனுப்பினார். யாரிடமும் கையேந்தாத குசாகா முதலில் சினந்து வந்தார். பின்னர் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ஜப்பான் தன் கடற்காப்புப் படையை மீண்டும் அமைப்பதற்குப் பர்க் ஆதரவாக நின்றார். 1955 முதல் 1961 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைவராக இருந்து, 1996 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் பெயரைத் தாங்கிய நாசகாரி 1991 ஜூலை 4 அன்று பணியில் இணைந்தபோது அவரே நேரில் இருந்தார்.

கப்பல்களுக்கு என்ன ஆயிற்று? ஸ்பென்ஸ் போரில் மூழ்கியதா?

கிளாக்ஸ்டன், தாட்சர், ஸ்டான்லி, பின்னர் வந்து சேர்ந்த ஆலிக் ஆகியவை பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயிலும் ஜப்பானின் ஒகினாவாவிலும் ஜப்பானிய விமானங்களின் தற்கொலைத் தாக்குதல்களில் சேதமுற்றும் மூழ்காமல் தப்பின. சார்லஸ் ஆஸ்பர்ன், கிளாக்ஸ்டன், டைசன் மூன்றும் 1960-ஐ ஒட்டி மேற்கு ஜெர்மனிக்கும், ஆலிக் கிரீஸுக்கும், கன்வர்ஸ் ஸ்பெயினுக்கும் போய் வேறு பெயர்களில் பணியாற்றின. அணியில் மூழ்கியது ஸ்பென்ஸ் மட்டுமே. அதை மூழ்கடித்தது பகைவர் அல்லர்.

1944 டிசம்பரில் அது பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஹால்சியின் மூன்றாம் கடற்படையில் இருந்தது. எரிபொருள் தீரும் நிலையில், 17-ஆம் தேதி ஹால்சியின் தலைமைக் கப்பலான நியூ ஜெர்சியின் பக்கத்தில் வந்து எண்ணெய் பெற முயன்றது. கொந்தளிப்பில் குழாய்கள் நிற்கவில்லை. எண்ணெய்த் தொட்டிகள் வெறுமையாக இருக்கும்போது கடல்நீரை நிரப்பினால்தான் கப்பல் நிலைகொள்ளும். ஆனால் எந்நேரமும் எண்ணெய் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் அது தள்ளிப்போடப்பட்டது. மறுநாள் சூறாவளியின் நடுவே கடல்நீர் உள்ளே புகுந்து மின்சாரம் நின்றது. சுக்கான் ஒரு பக்கமாக இறுகிக்கொண்டது. ஸ்பென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. ஹல், மொனஹன் என்ற வேறு இரண்டு நாசகாரிகளும் அன்று போயின. மூன்றிலும் மற்றக் கப்பல்களிலுமாக இறந்தோர் ஏறத்தாழ 790 பேர்.

விசாரணை மன்றம், போர் நெருக்கடியில் நேர்ந்த தீர்மானப் பிழை என்று சொல்லிப் பொறுப்பை ஹால்சியின் மேல் வைத்தது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. மூன்று கொதிகலன்களோடு ‘எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்’ என்று கேட்டு வந்த அந்தக் கப்பலில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் 24 பேரை மட்டுமே உயிரோடு கடலிலிருந்து எடுக்க முடிந்தது.